கோடையில் பச்சையாகும் படகு ஏரி: ஏரேட்டரா, மிதவைத் தீவா, எதில் பணம் போடலாம்?

கிழக்குக்கரை:

வணக்கம். பெங்களூரு கிழக்கில் உள்ள ஒரு ஏரியைப் பற்றிய கேள்வி. நீர்ப்பரப்பு 50 ஏக்கர், சராசரி ஆழம் 2 மீட்டர். மிதிபடகுத் துறை உண்டு. விடுமுறை நாட்களில் குழந்தைகளோடு வரும் கூட்டம் அதிகம். வடக்கிலிருந்து ஒரு ராஜகாலுவே (பெரிய மழைநீர் வாய்க்கால்), தெற்கிலிருந்து இன்னொன்று. தெற்கு வாய்க்கால் மழைக்கு மட்டும் ஓடும், வடக்கு வாய்க்கால் ஆண்டு முழுக்க ஓடும். மிகைநீர் கலிங்கு வழியாகக் கீழ் ஏரிக்குப் போகிறது. பிப்ரவரியில் தண்ணீர் பச்சையாகத் தொடங்கி மே வரை நீடிக்கிறது. காற்றில்லாத நாட்களில் படகுத்துறை ஓரம் திக்கான படலம் கட்டி நாறுகிறது.

ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி கிடைக்கும் போலிருக்கிறது. மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. நீரில் காற்றைக் கலக்கும் 2 ஹெச்பி நீரூற்று ஏரேட்டர் ஆறு போடுவது ஒன்று. செடி நட்ட 1,000 சதுர மீட்டர் மிதவைத் தீவு இன்னொன்று. பழத்தோலைப் புளிக்க வைத்த எக்கோ என்சைமை மாதம் 1,000 லிட்டர் ஊற்றுவது மூன்றாவது. ஒன்றிலேயே முழுப் பணத்தையும் போடுவதா, மூன்றுக்கும் பிரிப்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதகு66:

மூன்றையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் சார். வடக்கு வாய்க்கால் கோடையிலும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. மழையில்லாத மாதத்தில் பெங்களூரு ராஜகாலுவேயில் ஓடுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர். எத்தனை லிட்டர் என்று தெரியாமல் எந்தக் கருவி வாங்கினாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்.

நாளைக்கு 1 எம்எல்டி, அதாவது 10 லட்சம் லிட்டர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 9,000 பேர் வெளியேற்றும் நீர். சுத்திகரிக்காத கழிவுநீரில் பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 200 மி.கி. அளவில் இருக்கும், எனவே நாளைக்கு 200 கிலோ. அம்மோனியா நைட்ரஜன் 30 மி.கி. என்றால் 30 கிலோ. ஒரு கிலோவை நைட்ரேட் ஆக்க 4.57 கிலோ ஆக்சிஜன் வேண்டும், ஆக இன்னொரு 137 கிலோ. இரண்டையும் கூட்டினால் ஏரி தினமும் 337 கிலோ ஆக்சிஜன் கடன்படுகிறது.

2 ஹெச்பி மோட்டார் என்பது 1.5 கிலோவாட். விற்பனைத் தாளில் என்ன போட்டிருந்தாலும், ஏரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.8 கிலோ ஆக்சிஜன் கரைந்தால் நல்ல கணக்கு. 24 மணி நேரம் ஓடினால் ஒரு ஏரேட்டர் 29 கிலோ, ஆறும் சேர்ந்து 173 கிலோ. கடனில் பாதிதான். மின்சாரம் நாளைக்கு 216 யூனிட், மாதம் 6,480 யூனிட். சிஎஸ்ஆர் பணம் கருவிக்கு வரும். இந்தக் கட்டணத்தை ஆண்டாண்டுக்கும் யார் கட்டுவது என்று முதலில் கேளுங்கள்.

நீரூற்று வகையில் இன்னொரு கோளாறும் உண்டு. பார்க்க அழகாக இருப்பதால் மாலை 4 மணியிலிருந்து 10 மணி வரை மட்டும் ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் பாசியே ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்து முடித்திருக்கும். உண்மையில் தேவைப்படுவது இரவு 11 முதல் காலை 7 வரை. ஆறு மணி நேரம் ஓட்டினால் மொத்தமே 43 கிலோ, அதுவும் தவறான நேரத்தில். கழிவுநீர் கலந்த தண்ணீரை மேலே பீய்ச்சினால் நுண்துளிகளில் கிருமிகள் நடைபாதைப் பக்கம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹலசூர்வாசி:

அப்படியானால் ஏரேட்டரே வேண்டாம் என்கிறீர்களா?

மதகு66:

அவசரத்துக்கு வேண்டும். கழிவுநீரை நிறுத்திய பிறகும் அடிச்சேறு ஆக்சிஜன் குடிக்கும், அப்போது மீனைக் காப்பாற்ற உதவும். ஆனால் 2 மீட்டர் ஆழத்துக்கு நீரூற்றைவிடத் துடுப்புச் சக்கர ஏரேட்டர் நல்லது. இறால் பண்ணைகளில் ஓடுவதே போதும். அடியில் நுண்குமிழ் டிஃப்யூசர் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். குமிழ் மேலேறும் தூரம் 2 மீட்டர்தான் என்பதால் பெரும்பகுதிக் காற்று கரையாமலே வெளியே போய்விடும், துளைகளும் சேற்றில் அடைத்துக்கொள்ளும். எந்த வகையானாலும் உறிஞ்சும் வாய் அடிமட்டத்திலிருந்து 60 செ.மீ. மேலே இருக்கட்டும். இல்லையென்றால் சேற்றைக் கலக்கிவிட்டு நாமே ஆக்சிஜனைக் குறைப்போம்.

நாணல்காடு:

மிதவைத் தீவு பற்றி நான் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது, அதனால்தான் கணக்கோடு சொல்ல வேண்டும்.

பாசிக்கு அடிப்படை உரம் பாஸ்பரஸ். மதகு சார் சொன்ன 1 எம்எல்டியில் லிட்டருக்கு 6 மி.கி. பாஸ்பரஸ் என்றால் நாளைக்கு 6 கிலோ, ஆண்டுக்கு 2,190 கிலோ. தீவில் நட்ட கல்வாழை, வெட்டிவேர், கோரை எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிராம் எடுக்கும் என்று தாராளமாக வைப்போம். 2,190 கிலோவை எடுக்க 1,46,000 சதுர மீட்டர் தீவு வேண்டும். 36 ஏக்கர்! உங்கள் ஏரியே 50 ஏக்கர்தான். வந்திருக்கும் திட்டத்தில் 1,000 சதுர மீட்டர். அது ஆண்டுக்கு 15 கிலோ எடுக்கும், வாய்க்கால் இரண்டரை நாளில் கொண்டு வரும் அளவு. அதுவும் செடியை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான். அறுக்காமல் விட்டால் காய்ந்து மடிந்து எடுத்தது அத்தனையும் திரும்ப ஏரிக்கே.

ஆகாயத்தாமரையை வாருவதிலும் இதே கணக்குதான். ஈரமாக ஒரு டன் வாரினால் அதில் 95 சதவீதம் தண்ணீர், உலர்ந்த பொருள் 50 கிலோ, பாஸ்பரஸ் 200 கிராம் சொச்சம். வரும் 6 கிலோவுக்கு ஈடு கொடுக்கத் தினமும் 30 டன் வார வேண்டும். வாரியதைக் கரையிலேயே குவித்து வைத்தால் அழுகிய சாறு முதல் மழையில் உள்ளே இறங்கிவிடும். குவியல் கரையின் வெளிச்சரிவில் இருக்க வேண்டும், அல்லது அன்றன்றே லாரியில் போக வேண்டும்.

தீவுகள் பறவைக்கு நல்லது, மீன்குஞ்சுக்கு நிழல். அதற்காகப் போடுங்கள், மனநிறைவோடு போடுங்கள். தண்ணீர் சுத்தமாகும் என்று சொல்லிப் போட வேண்டாம்.

ஹலசூர்வாசி:

எக்கோ என்சைமை எல்லோரும் குறை சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். பழத்தோல், வெல்லம், தண்ணீர், ரசாயனமே இல்லை. 3 மாதம் புளிக்க வைக்கிறோம். நல்ல நுண்ணுயிர்கள் ஏரிக்குப் போகின்றன. அதில் என்ன தப்பு?

சோதனைக்குழாய்:

தப்பு நோக்கத்தில் இல்லை அண்ணா, அளவில்தான். 50 ஏக்கர், 2 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 4,05,000 கன மீட்டர், 40.5 கோடி லிட்டர். அதில் 1,000 லிட்டர் ஊற்றினால் 4,05,000 பங்குக்கு ஒரு பங்கு. அந்தச் செறிவில் எந்த நொதியும் எதையும் செய்யாது. ஏரியில் நுண்ணுயிருக்குப் பஞ்சமும் இல்லை. கழிவுநீரோடு கோடிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கின்றன. அவை மூச்சுவிட ஆக்சிஜன்தான் இல்லை. வெல்லமும் தோலும் புளித்த திரவத்தில் இருப்பது முழுக்கக் கரிமப் பொருள், அதாவது பிஓடி. நாம் ஊற்றுவது அந்த ஆக்சிஜன் கடனில் இன்னும் கொஞ்சம் சேர்ப்பதே. இவ்வளவு வீடுகளில் தோலைப் பிரித்து எடுத்து வைக்கிறார்கள் என்றால் அந்த உழைப்பு பெரிய சொத்து. அதே தோல் தொட்டி உரமாகட்டும். அதே ஆட்கள் வாய்க்காலை அளக்க வரட்டும். ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை அளவு எடுக்க ஆள் தேவைப்படும்.

கிழக்குக்கரை:

எப்படி அளப்பது என்று விரிவாகச் சொல்லுங்கள். ஆட்கள் இருக்கிறார்கள்.

மதகு66:

ஓட்டத்தை அளக்க 90 பாகை வி-நாட்ச் தகடு, அதாவது மேல்விளிம்பில் V வடிவ வெட்டு உள்ள தகடு. 3 மி.மீ. இரும்புத் தகடு, வெட்டின் விளிம்பு கூர்மையாக, தண்ணீர் வரும் பக்கம் செங்குத்தாக இருக்க வேண்டும். வாய்க்காலின் குறுக்கே சாக்கில் களிமண் கட்டி அதில் பதியுங்கள். பக்கவாட்டிலும் அடியிலும் ஒழுகினால் அளவு குறைவாகக் காட்டும். வெட்டின் அடிமுனைக்குக் கீழே தண்ணீர் சுதந்திரமாக விழ இடம் வேண்டும், கீழ்ப்பக்க நீர் ஏறி முனையைத் தொட்டுவிட்டால் கணக்கு செல்லாது.

உயரத்தை வெட்டுக்கு நேராக அளக்காதீர்கள், அங்கே நீர் வளைந்து இறங்கும். எதிர்பார்க்கும் அதிக உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் மேலே தள்ளி ஒரு அளவுகோலை நட்டு, அதன் பூஜ்யத்தை வெட்டின் அடிமுனை மட்டத்தில் ரசமட்டம் வைத்துப் பொருத்துங்கள். சூத்திரம்: உயரத்தை மீட்டரில் எடுத்து 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38ஆல் பெருக்கினால் விநாடிக்குக் கன மீட்டர். கையில் வைத்துக்கொள்ள: 10 செ.மீ. என்றால் விநாடிக்கு 4.4 லிட்டர், அப்படியே நாள் முழுக்க ஓடினால் 0.38 எம்எல்டி. 15 செ.மீ. என்றால் 12 லிட்டர், 1.04 எம்எல்டி. 20 செ.மீ. என்றால் 24.7 லிட்டர், 2.13 எம்எல்டி. கவனியுங்கள், உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்காகிறது. கண்மதிப்பை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

கட்டாயம் 24 மணி நேரம். காலை 10 மணிக்கு ஒரு அளவு எடுத்து அதை நாளுக்குப் பெருக்கினால் நிஜத்தைவிட அதிகமாக வரும்.

சோதனைக்குழாய்:

தண்ணீர் மாதிரிக்கு: வடக்கு வாய்க்கால் முகம், ஏரி நடு, படகுத்துறை, கலிங்கு. நடுவில் இரண்டு ஆழங்களில், மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. கீழே ஒன்று, அடியிலிருந்து 50 செ.மீ. மேலே ஒன்று. கரையிலிருந்து வாளி போட்டு எடுத்தால் ஒதுங்கிய பாசியைத்தான் அளப்பீர்கள்.

நேரம் மிக முக்கியம். கரைந்த ஆக்சிஜனை விடியுமுன், 5.30க்கும் 6.30க்கும் நடுவே அளக்க வேண்டும். மறுபடி பிற்பகல் 3 மணிக்கு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் 25 டிகிரியில் நீர் இயல்பாகத் தாங்குவது 7.4 மி.கி. அளவுதான். பிற்பகலில் 13, 14 என்று வந்தால் மகிழ வேண்டாம். அது பாசி வெயிலில் செய்யும் வேலை. அதே பாசி இரவில் ஆக்சிஜனை உறிஞ்சி விடியற்காலையில் 1க்குக் கொண்டுவந்துவிடும். பல அறிக்கைகளில் ஏரி நன்றாக இருப்பதாக வருவதற்கு ஒரு காரணம், மாதிரி எடுக்க வருபவர் 11 மணிக்கு வருகிறார்.

மொத்த பாஸ்பரஸுக்கான புட்டியில் கந்தக அமிலம் சில துளி விட்டு பிஹெச் 2க்குக் கீழே கொண்டு வாருங்கள், 4 டிகிரி ஐஸ் பெட்டியில் வையுங்கள். கோலிஃபார்முக்கு (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமிகள்) கிருமி நீக்கிய புட்டி, அமிலம் கூடாது, 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாகப் பாருங்கள். மொத்த பாஸ்பரஸ் கேட்டால் சிலர் கரைந்த பாஸ்பேட் மட்டும் பார்த்துக் கொடுப்பார்கள், இரண்டும் வேறு.

தெளிவுக்குப் பணமே வேண்டாம். 20 செ.மீ. விட்டமுள்ள தட்டைக் கருப்பு வெள்ளைக் கால்பங்குகளாகப் பூசி, அடியில் எடை கட்டி, அளவுக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். செக்கி தட்டு என்பார்கள். படகுத்துறை ஊழியரே வாரம் ஒருமுறை செய்துவிடலாம்.

கெண்டை:

மீன் பக்கம் கொஞ்சம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கோடையில் இது எங்கும் நடக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விஷயம் சேரும். நீர்மட்டம் குறைவு, தண்ணீர் சூடு. இரவு ஆக்சிஜன் ஏற்கெனவே தரைமட்டம். அந்த நேரத்தில் முதல் கோடைமழை வாய்க்காலில் மாதக்கணக்காகத் தேங்கிய கசடையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளி விடும். விடிந்தால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

அப்போது பதறிப்போய்ச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கொட்டுகிறார்கள். தயவுசெய்து கொட்ட விடாதீர்கள். சோதனைக்குழாய் மேடம் காரணத்தைச் சொல்லட்டும்.

சோதனைக்குழாய்:

அம்மோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கும். மீனைக் கொல்வது கட்டற்ற அம்மோனியா. 25 டிகிரியில் பிஹெச் 7.5 என்றால் மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவே அந்த வடிவம். பிஹெச் 8.5 என்றால் 15 சதவீதம், 9 என்றால் 36 சதவீதம். லிட்டருக்கு 4 மி.கி. அம்மோனியா உள்ள ஏரியில் பிஹெச் 9 ஆனால் கட்டற்ற அம்மோனியா 1.44 மி.கி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்கான டி வகுப்புக்கு வைத்த எல்லை 1.2. பாசி நிறைந்த ஏரியில் பிற்பகல் பிஹெச் தானாகவே 9 தொடும். அதில் சுண்ணாம்பையும் கொட்டி மேலே தள்ளினால் மிச்ச மீனும் போகும்.

கெண்டை:

அதேதான். செய்ய வேண்டியது: இரவு ஏரேட்டர், வாய்க்கால் முகத்தை அடைப்பது, செத்த மீனை அன்றே வாருவது. ஒரு டன் மீனில் 4, 5 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது, அழுகவிட்டால் அவ்வளவும் உரம்.

மீன் குத்தகை நிபந்தனையையும் பாருங்கள். சாதாக் கெண்டையும் மிர்காலும் அடியைக் கிளறித் தின்பவை, அதிகம் விட்டால் தண்ணீர் தெளியவே தெளியாது. ஜிலேபி தானே பெருகி நீர்த்தெள்ளை எல்லாம் தின்று தீர்க்கும். பாசியை மேய வேண்டியதே அந்த நீர்த்தெள்ளுதான். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதற்கே தடை இருக்கிறது. கோழிக்கழிவைத் தீவனமாகப் போடக் கூடாது என்று எழுத்தில் இருக்கட்டும். கரையில் ரொட்டி, பொரி விற்பதையும் நிறுத்துங்கள்.

நாணல்காடு:

இப்போது கடினமான பகுதி. கழிவுநீரை முழுசாகத் திருப்பிவிட்டால் ஏரி என்ன ஆகும்? மார்ச், ஏப்ரலில் நாளைக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் 50 ஏக்கரில் 1,012 கன மீட்டர், அதாவது தினமும் 1 எம்எல்டி. தரையில் இறங்குவது தனி. நீர்ப்பிடிப்பு முழுக்க சிமெண்ட் ஆகிவிட்டதால் ஊற்றும் இல்லை. கழிவுநீர் நின்றதும் படகு விட முடியாத அளவு வற்றும். புட்டேனஹள்ளியில் அருகிலுள்ள அடுக்ககத்தின் சுத்திகரித்த நீரை ஏரிக்கு விட்டதற்குக் காரணம் இதுதான். ஜக்கூரில் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), அதன் கீழே சதுப்புப் படுகை, அதன் கீழே ஏரி என்ற வரிசை.

மதகு66:

நான் இங்கே மாறுபடுகிறேன். சுத்திகரித்த நீர் என்றால் பிஓடி 10க்குக் கீழே இருக்கும், பாஸ்பரஸ் இருக்காது என்று அர்த்தமில்லை. வழக்கமான எஸ்டிபி பாஸ்பரஸை அதிகம் பிடிப்பதில்லை. 3, 4 மி.கி. அப்படியே வெளியே வரும். ஏரி பச்சையாகாமல் இருக்க வேண்டிய அளவு 0.05க்கும் கீழே. நாற்றம் போகும், மீன் பிழைக்கும், ஆனால் பச்சை போகாது. அதைவிடக் கோடையில் கொஞ்சம் வற்றட்டும். வற்றி வெயில் பட்டால் அடிச்சேறு கெட்டிப்படும், ஆகாயத்தாமரையும் காயும். பழைய ஏரிகள் எல்லாம் ஆண்டுக்கொரு முறை இறங்கி ஏறியவைதானே.

நாணல்காடு:

காட்டுக்குள் இருக்கும் ஏரியாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். நகரத்து நடுவில் வற்றிய ஏரியில் முதலில் கட்டட இடிபாடு விழும், பிறகு வேலி விழும். தண்ணீர் நிற்பதே அந்த நிலத்துக்குக் காவல்.

பாஸ்பரஸுக்கு வழி இருக்கிறது. எஸ்டிபியின் கடைசித் தொட்டிக்கு முன் படிகாரம் சேர்த்தால் போதும். 4 மி.கி. பாஸ்பரஸை 1க்குக் கீழே, நன்றாக நடத்தினால் 0.5 வரை இறக்க, 1 எம்எல்டிக்கு நாளைக்கு 75 முதல் 80 கிலோ படிகாரம் ஆகும். சேறு கூடுதலாக வரும், அதை அகற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு சதுப்புப் படுகை. 35 செ.மீ. ஆழம், செடித்தண்டு போக முக்கால் பங்கு நீர், 4 நாள் தங்க வேண்டும் என்றால் 1 எம்எல்டிக்கு 15,200 சதுர மீட்டர், 3.8 ஏக்கர். உங்கள் 50 ஏக்கரின் வடக்கு மூலையில் இந்த இடத்தை விட முடியும்.

படுகை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே விதத்தில். தண்ணீர் ஒரு ஓடையாக நடுவில் வெட்டிக்கொண்டு ஓடிவிடும், 4 நாள் தங்க வேண்டியது 4 மணி நேரத்தில் வெளியேறும். அதற்குத் துளையிட்ட குழாயை அகலம் முழுக்கப் போட்டு நீரைப் பரப்புங்கள், குறுக்கே இரண்டு இடத்தில் செடியில்லாத ஆழப் பள்ளம் விடுங்கள், ஓட்டம் அங்கே மறுபடி சமப்படும். முகப்பில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 500 கன மீட்டர் வண்டல் குட்டை வேண்டும், ஜேசிபி இறங்க சாய்தளத்தோடு. படுகையில் வளரும் சம்புக் கோரை ஆண்டுக்கு இரண்டு முறை அறுபட வேண்டும்.

மதகு66:

படிகாரம் போடும் எஸ்டிபி, அதைக் கண்காணிக்கும் ஆள், பிறகு படுகை என்றால் எனக்குச் சம்மதம். வெறும் எஸ்டிபி நீரை நேரே ஏரிக்கு விடுவதைத்தான் எதிர்க்கிறேன். அப்படியே செய்தாலும் 0.5 மி.கி.யில் ஆண்டுக்கு 180 கிலோ பாஸ்பரஸ் உள்ளே வரும், படுகை அதில் ஒரு பங்கைப் பிடிக்கும். கண்ணாடித் தண்ணீர் வராது. செக்கி தட்டு 60, 70 செ.மீ. தெரிந்து, விடியற்காலை ஆக்சிஜன் 4க்கு மேலே நின்றால் அதுவே நகர ஏரிக்கு நல்ல வெற்றி. குளிக்கும் தரமான பி வகுப்புக்கு கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 500க்குள், பிஓடி 3க்குள், ஆக்சிஜன் 5க்கு மேல் வேண்டும். சங்கத்தில் யாரும் அந்த வாக்குறுதியைக் கொடுக்க வேண்டாம்.

ஹலசூர்வாசி:

தூர் வாரினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

நாணல்காடு:

50 ஏக்கரில் 30 செ.மீ. வாரினாலே 60,700 கன மீட்டர். 10 கன மீட்டர் டிப்பரில் 6,000 நடைக்கு மேல். கழிவுநீர் நிற்காமல் வாரினால் அடுத்த ஆண்டே மேல்சேறு திரும்ப வந்துவிடும், அதுவரை செய்தது வீண். வண்டலை விவசாயிக்குக் கொடுக்கும் முன் ஈயம், குரோமியம், காட்மியம் சோதித்தாக வேண்டும். இன்னொன்று, தூர் வாருகிறேன் என்று கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டி ஏரியைத் தொட்டியாக்கிவிடுகிறார்கள். ஓரச் சரிவு 1க்கு 5 இருந்தால்தான் கோரையும் நாணலும் நிற்கும், நாரை இறங்கும், குழந்தை தவறி விழுந்தாலும் கால் ஊன்றும்.

சோதனைக்குழாய்:

சேற்றைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பாஸ்பரஸ் சேற்றில் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் அந்தப் பிடி விடும், பாஸ்பரஸ் மேலே வரும். வாய்க்காலை அடைத்த பின்னும் சில ஆண்டுகள் பச்சை தொடர்வது இதனால்தான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் இதை மோசமாக்கும்: அது கால்சியம் சல்பேட், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பைடு ஆகி இரும்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்குப் பிடிக்க இரும்பே மிஞ்சாது. விநாயகர் சிலைகளைக் கரைக்கத் தனிக் கல்யாணி (சிறு குளம்) அவசியம், சிலை களிமண்ணாகவே இருந்தாலும்.

இரண்டாம் கட்டத்தில் ஏரிக்கே படிகாரம் போடலாம். நீரில் 0.5 மி.கி. பாஸ்பரஸ் இருந்தால் அதற்குப் பத்து மடங்கு அலுமினியம், 5 மி.கி.; படிகாரமாக 55 மி.கி.; 4,05,000 கன மீட்டருக்கு 22 டன். படகிலிருந்து கரைசலாகத் தெளிக்க வேண்டும், விடியற்காலையில் மட்டும். பிற்பகல் பிஹெச் 9 தாண்டும்போது போட்டால் அலுமினியம் வீழ்படிவாகாமல் கரைந்தே நிற்கும். பிஹெச் 6க்குக் கீழே போனால் மீனுக்கு நஞ்சு. 55 மி.கி. படிகாரம் காரத்தன்மையில் சுமார் 27 மி.கி. தின்னும், அதனால் முன்னாலேயே காரத்தன்மை அளந்து, பத்து லிட்டர் வாளியில் சோதித்துப் பார்த்த பிறகே. கழிவுநீர் வந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்வது பணத்தை ஏரியில் கரைப்பது.

கிழக்குக்கரை:

நாட்ச் போட்டு அளந்தோம். காலை 8 மணிக்கு 19 செ.மீ., பின்னிரவு 3 மணிக்கு 8 செ.மீ. நாள் சராசரி 1 எம்எல்டியை ஒட்டி. சாக்கடைதான் என்று உறுதியாகச் சொல்லலாமா? எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மதகு66:

19 செ.மீ. என்றால் 21.7 லிட்டர், 8 செ.மீ. என்றால் 2.5 லிட்டர். ஊற்றுநீர் இப்படி ஏறி இறங்காது, குளியல் நேரத்தில்தான் ஏறும். வீட்டுக் கழிவுநீர்தான். இரவு மிஞ்சும் 2.5 லிட்டரில் குழாய்க் கசிவும் இருக்கலாம்.

வாய்க்காலோடு மேலே நடந்து ஒவ்வொரு கிளையிலும் அம்மோனியா பட்டை வைத்துப் பாருங்கள், ஏறும் கிளையைப் பிடித்துக்கொண்டே போங்கள். சந்தேகமான மேன்ஹோலில் ஃபுளோரசின் சாயம் விட்டால் அரை மணியில் வாய்க்காலில் பச்சை தெரியும். வீட்டு இணைப்பு தவறாக இருப்பதைவிட, யுஜிடி (பாதாளச் சாக்கடை) குழாய் அடைத்து மேன்ஹோல் பொங்கி வாய்க்காலில் விழுவதே அதிகம். அப்படியென்றால் நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டியும் குழாய்க்குள் கேமரா ஓட்டமும் போதும், சிஎஸ்ஆர் பணமே தேவைப்படாது. எழுத்தில் மேன்ஹோல் எண்ணோடு, நாட்ச் அளவோடு குடிநீர் வாரியத்துக்குக் கொடுங்கள்.

அதன் பிறகும் மிஞ்சும் கழிவுநீரைத் திருப்பிவிட ஒரு திருப்பணை. ஏரி முகத்துக்கு மேலே வாய்க்காலின் குறுக்கே 45 செ.மீ. உயரத்தில் தாழ்ந்த கான்கிரீட் சுவர். அதன் மேல்பக்கத்திலிருந்து 300 மி.மீ. குழாய் யுஜிடிக்கு. 200க்கு 1 சரிவில் அது நிறைய ஓடினால் விநாடிக்கு 68 லிட்டர், உங்கள் உச்சத்தைப் போல மூன்று மடங்கு. குழாய் வாயில் 20 மி.மீ. இடைவெளிக் கம்பி வலை, உள்ளே எதிர்த்து வராமல் தடுக்கும் மடல் வால்வு, மழைக்கு மூட ஒரு ஷட்டர். மடல் இல்லாவிட்டால் பெருமழையில் யுஜிடியே திரும்ப ஏரிக்குப் பொங்கும். கீழுள்ள யுஜிடி ஏற்கெனவே நிறைந்து ஓடுகிறதா என்று பார்க்காமல் இணைத்தால் அடுத்த தெருவில் மேன்ஹோல் திறக்கும். கம்பி வலையைத் தினமும் வழிக்க ஓர் ஆள், அவர் சம்பளம் மூன்று ஆண்டுக்கு. சிஎஸ்ஆர் பணத்தில் முதலில் இதை எழுதுங்கள்.

நாணல்காடு:

படகுத்துறைக்கும் ஒரு விதி போடச் சொல்லுங்கள். பெருமழைக்குப் பின் 72 மணி நேரம் படகு நிறுத்தம். மேலே பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் படலம் கட்டினால் அது விலகும்வரை நிறுத்தம். அது நீலப்பச்சைப் பாசி, நஞ்சு விடக்கூடியது. நாயை அந்தத் தண்ணீர் குடிக்க விடக் கூடாது.

கிழக்குக்கரை:

ஏரேட்டர் திட்டத்தைத் தள்ளிவைத்து, திருப்பணைக்கும் வண்டல் குட்டைக்கும் மதிப்பீடு கேட்கிறோம். நாட்ச் தகட்டை அப்படியே விட்டுவைக்கலாமா? மே மழை வந்துவிடும்.

மதகு66:

முதல் மேகம் திரளும்போதே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் வந்து வெட்டில் அடைத்தால் மேலே தெருவுக்குள் தண்ணீர் ஏறும், பழி சங்கத்தின் மேல் விழும். தகட்டின் இரண்டு பக்கமும் சட்டத்தில் பள்ளம் விட்டுச் செருகும்படி செய்துகொண்டால் இரண்டு பேர் ஐந்து நிமிடத்தில் உருவலாம். மழை நின்று மூன்று நாள் வறண்ட பிறகு திரும்பச் செருகி அளங்கள். ஜெட்டிங் நடந்த பின் காலை 8 மணி உயரம் 19லிருந்து எவ்வளவுக்கு இறங்குகிறது என்று இங்கே போடுங்கள், குழாய் அளவை அதை வைத்து முடிவு செய்வோம்.